பிறர் கூரையில் நம் யந்திரம்

இலங்கை மலையகத்தின் நானுஓயாவில் பிரதான ரயில்பாதையிலிருந்து பிரிந்து, நுவரெலியா, கந்தப்பளை என்று ஏறியும் வளைந்தும் வந்த இரண்டரை அடி அகலச் சிறு ரயில்பாதை 1904ஆம் ஆண்டில் ராகலையைத் தொட்டபோது, இப்பக்கத்துத் தோட்டங்களின் தேயிலைக்குக் கொழும்பு வரை ஓர் இரும்பு வழி கிடைத்தது. ஸ்டோர் என்னும் தோட்டத் தொழிற்சாலையில் உலர்த்திச் சலித்துப் பெட்டியில் அடைத்து, தோட்டத்தின் பெயரைப் பலகையின்மேல் மையால் பதித்து அனுப்பிய தேயிலை, நானுஓயாவில் அகலப் பாதை வண்டிக்கு மாற்றப்பெற்றுக் கொழும்பில் பிறருடைய களஞ்சியத்தில் போய் இறங்கும். 1883 ஜூலை 30இல் சமர்வில் கம்பெனியின் காரியாலயத்தில் முதல் தேயிலை ஏலம் நடந்தது முதலாக, விலை படியும் வரையில் பெட்டி எவருடைய கூரையின் கீழ் இருந்தாலும் அதன் சொந்தக்காரர் யார் என்பதைப் பலகையில் பதிந்த பெயரே சொல்லிற்று.

தன் பணத்தில் வாங்கிய சேர்வரை, அதாவது இணையச் சேவைக்கான கணினியை, பிறருடைய தரவு மையத்தில் வாடகைக்கு இடம் பிடித்து வைக்கும் தொழிலின் சரித்திரத்தைப் படிக்குந்தோறும் அந்தத் தேயிலைப் பெட்டியே என் நினைவுக்கு வருகிறது. இடம், மின்சாரம், குளிர்ச்சி, காவல், வெளியுலகத் தொடர்பு ஆகிய ஐந்தும் வீட்டுக்காரர் பொறுப்பு. யந்திரமும் அதனுள் உள்ள சகலமும் குடியிருப்பவர் உடைமை. இவ்வழக்கம் தொலைபேசி நிலையங்களில் வேரூன்றியது. சேர்வரை மாட்டும் சட்டத்தின் பத்தொன்பது அங்குல அகலம் 1920களில் அமெரிக்கத் தொலைபேசி நிலையங்களில் வழக்கிற்கு வந்த அளவாகும். உலகம் முழுவதும் அதுவே நிலைத்துவிட்டபடியால், நானுஓயாவில் நேர்ந்ததைப் போன்ற வண்டிமாற்றம் இந்த யந்திரங்களுக்குப் பெரும்பாலும் நேர்வதில்லை. 1996ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைத்தொடர்புச் சட்டமோ, பழைய கம்பெனிகள் தம் நிலையங்களில் போட்டியாளரின் கருவிகளுக்கும் இடம் கொடுத்தாக வேண்டுமென்று விதித்தது.

இத்தொழிலைப் பெருந்தொழிலாக்கியவர்களில் ஒருவர் தமிழர் என்பதை நம்மவர் பலர் அறியார். பொறியியல் பயின்று அமெரிக்கா சென்ற கே. பி. சந்திரசேகர், பி. வி. ஜகதீஷுடன் சேர்ந்து 1994இல் தொடங்கிய எக்ஸோடஸ் என்னும் ஸ்தாபனம், பிறருடைய சேர்வர்களுக்கென்றே பெரிய மண்டபங்களைக் கட்டி, கம்பிவலைக் கூண்டுகளாகப் பிரித்து வாடகைக்கு விட்டது. 1999ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சாந்தா கிளாராவிலிருந்த அதன் மண்டபம் ஒன்றில், ஏழடிக்கு நாலடிக் கூண்டினுள், அலமாரித் தட்டுகளில் அடுக்கிய ஏறத்தாழ முப்பது சாதாரணக் கணினிகளோடு குடியிருந்த சிறு நிறுவனமே கூகிள். 2001 செப்டம்பரில் எக்ஸோடஸ் கடன் தாங்காது நீதிமன்றத்தில் தஞ்சம் புகுந்து, அதன் சொத்துகளில் பெரும்பகுதி கேபிள் அண்ட் வயர்லெஸ் கம்பெனியின் கைக்கு மாறியபோது, வீட்டுக்காரர் மாறினாரேயன்றிக் கூண்டுகளிலிருந்த யந்திரங்களின் உடைமை மாறவில்லை. முழுவதையும் பிறரிடமே வாடகைக்கு எடுப்பவருக்கு இல்லாத பாதுகாப்பு இது. சந்திரசேகரின் கொடையால் சென்னைக் குரோம்பேட்டையில் எழுந்த ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையம், தமிழ்க் கணிமைக்கு உழைத்த நிலையங்களுள் ஒன்று என்பதையும் நன்றியுடன் குறிக்க வேண்டும்.

இலங்கையில், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவ வித்திட்ட லேர்ன் என்னும் கல்வி வலையமைப்பு 1990ஐ ஒட்டி மின்னஞ்சலைக் கொணர்ந்தது. 1995இல் வணிகமுறை இணைய இணைப்பு வந்தது. கல்கிசையிலும் கொழும்பிலும் மாத்தறையிலும் கடலடிக் கேபிள்கள் கரையேறின. கேபிள் ஏறும் கரையை ஒட்டியே தரவு மையங்களும் பெருகின. குளிரூட்டவே பெரும் மின்சாரம் செலவிடும் ஒரு தொழில், இயற்கையிலேயே குளிர்ந்த ராகலையை விட்டுப் புழுங்கும் கொழும்பை நாடியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் மலையகத்தை விலக்கி இந்தக் கதையைச் சொல்லிவிட முடியாது. நுவரெலியா நகருக்குப் பிளாக்பூலில் சிறு நீர்மின் நிலையம் அமைத்த பொறியியலாளர் விமலசுரேந்திர, 1918இல் மலைநீரைக் கொண்டு நாட்டுக்கே மின்சாரம் வழங்கலாமென்று வாதாடினார். ஹற்றன் பக்கத்து நீர் லக்ஷபானவில் 1950இல் மின்சாரமாயிற்று. கொழும்பில் குளிரூட்டி இயக்கும் மின்சாரத்தில் நம் ஆறுகளின் பங்கும் உண்டு.

இனி, புதிதாகத் தொடங்குவோர் அறிய வேண்டியது. சேர்வரின் உயரம் ஒன்றேமுக்கால் அங்குலத்தை ஓர் அலகாகக் கொண்டு கணக்கிடப்பெறும். வாடகையோ, இடத்தைவிட மின்சாரத்தையே பெரிதும் பொறுத்தது. ஆகையால் யந்திரம் நிஜமாக எத்தனை வாட் குடிக்கிறது என்பதை ஊரிலேயே மீட்டர் வைத்து அளந்த பின்னரே பேரம் பேச வேண்டும். பின்புறத்தில் இரண்டு மின்வடங்கள் இருந்து, அவை இருவேறு மின்வழிகளில் செருகப்பெற்றால்தான் ஒன்று அறுந்தாலும் மற்றொன்று தாங்கும். நள்ளிரவில் யந்திரம் உறைந்து நின்றால், ராகலையிலிருந்து பஸ் ஏறி நுவரெலியா வழியாகக் கொழும்பு சேரப் பகற்பொழுதில் பெரும்பகுதி கழிந்துவிடும். எனவே இயங்குதளம் செயலிழந்த நிலையிலும் தொலைவிலிருந்து அணைத்து ஏற்ற உதவும் தனி மேலாண்மைத் துவாரம் உள்ள சேர்வரையே நம்மவர் வாங்க வேண்டும். அதைப் பொதுஇணையத்தில் திறந்து வைக்காமல், பாதுகாத்த தனிவழியால் மட்டும் அணுகுவது அவசியம்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்கலாம். நம் ஆவணங்களைக் காக்கத்தான். ராகலைச் சிறு ரயில்பாதை மூடப்பட்ட அதே 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, ஒரு துண்டுக் காகிதம் இல்லாத குற்றத்துக்காக இங்குள்ள தோட்டத் தமிழ் மக்களில் பெரும்பாலோர் நாடற்றவராயினர். தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்துக்குச் சொந்தமான லயங்கள் என்னும் வரிசை வீடுகளில் வாழ்ந்தவர்களின் பிறப்புப் பதிவுகளும், சம்பளச் சீட்டுகளும், சங்கத் துண்டுப் பிரசுரங்களும், கோயில் திருவிழா நோட்டீசுகளும் இன்றும் தகரப் பெட்டிகளில் செல்லரித்துக் கொண்டிருக்கின்றன. நூலக நிறுவனம் 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கி வருவது பெரும் பேறு. அதன் பிரதியொன்றையும் நம் ஊர்த் தொகுப்பையும் நம் பெயரிலேயே உள்ள யந்திரத்தில் வைத்திருப்பது அதற்குத் துணையாகும். பாடசாலைகளும் வாசகசாலைகளும் தொழிற்சங்கங்களும் கூடி ஒரே சேர்வரை வாங்கி, மாத வாடகையைப் பங்கிட்டால் எவர்க்கும் பாரமிராது. ஒப்பந்தத்தில் யந்திரத்தின் தொடரிலக்கம் எழுதப்பெற்றிருக்கிறதா, வாடகைப் பாக்கி நேர்ந்தாலும் நிறுவனம் கைமாறினாலும் அதை யார், எத்தனை நாளுக்குள் எடுத்துச் செல்லலாம் என்பது தெளிவாக இருக்கிறதா என்பவற்றை ஒரு சட்டத்தரணியிடம் காட்டிய பிறகே கையொப்பமிட வேண்டும்.