ஒதுக்கீட்டுத் தோட்டத்தைச் சீரமைத்தல்

ஒதுக்கீட்டுத் தோட்டத்தைச் சீரமைத்தல் என்பது, ஐக்கிய இராச்சியத்தின் நகரங்களில் 'அலாட்மெண்ட்' என அழைக்கப்படும் வாடகைத் தோட்டத் துண்டுகளுள், கைவிடப்பட்டுக் களை மண்டிப்போன ஒன்றை மீண்டும் பயிரிட ஏற்றதாக மாற்றும் பணி ஆகும். முந்தைய குத்தகைதாரர் விட்டுச் சென்ற துண்டுகள் பெரும்பாலும் இந்நிலையிலேயே புதியவர்களுக்குக் கிடைக்கின்றன. மேலே தெரியும் புதரை வெட்டுவது இப்பணியின் எளிய பகுதி மட்டுமே. மண்ணுக்கு அடியில் உள்ள வேர்களையும் வேர்த்தண்டுகளையும் எவ்வாறு கையாள்வது என்பதைப் பொறுத்தே இப்பணியின் வெற்றி அமைகிறது.

சட்டப் பின்னணி

இங்கிலாந்திலும் வேல்சிலும் ஒதுக்கீட்டுத் தோட்டங்களுக்கு அடிப்படையாக விளங்குவது 1908 ஆம் ஆண்டின் சிறுபண்ணைகள் மற்றும் ஒதுக்கீட்டு நிலங்கள் சட்டம் ஆகும். 1922 ஆம் ஆண்டின் சட்டம், ஒதுக்கீட்டுத் தோட்டம் என்பது 40 சதுரக் கோலுக்கு மேற்படாததும், குத்தகைதாரர் தமது குடும்பத்தின் தேவைக்காகப் பெரும்பாலும் காய்கறி அல்லது பழம் விளைவிப்பதுமான நிலம் என வரையறுத்தது. ஒரு கோல் ஐந்தரை கசம் நீளம் கொண்டது. வழக்கமான முழுத்துண்டு 10 சதுரக் கோல், அதாவது சுமார் 253 சதுர மீட்டர் (ஆறேகால் சென்ட்) பரப்புடையது. நகரங்களில் இதில் பாதியோ, அதனினும் சிறியதோ வழங்கப்படுவது உண்டு.

இரண்டாம் உலகப் போரின்போது, 1939 இல் தொடங்கிய 'வெற்றிக்காகத் தோண்டுவோம்' என்னும் அரசு இயக்கத்தால் இத்துண்டுகளின் எண்ணிக்கை சுமார் 14 இலட்சத்தை எட்டியது. பின்னர் அது பெரிதும் குறைந்தது. இன்று பல நகரங்களில் துண்டு ஒன்றைப் பெற நீண்ட காத்திருப்புப் பட்டியல் உள்ளது.

நிலத்தைப் பயிரிட்டு வைத்திருக்க வேண்டும் என்பது குத்தகை விதிகளில் பொதுவாகக் காணப்படும் நிபந்தனை. குத்தகை தொடங்கி மூன்று மாதங்களேனும் கழிந்த பின் விதிகள் பின்பற்றப்படவில்லை எனக் கண்டால், உள்ளாட்சி மன்றம் ஒரு மாத முன்னறிவிப்புடன் குத்தகையை முடிக்க 1908 ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. இந்த அச்சத்தாலேயே புதியவர்கள் பலர் நிலம் முழுவதையும் ஒரேயடியாகச் சுத்தம் செய்ய முற்பட்டு, அடுத்த கோடையில் களை மீண்டும் எழக்கண்டு மனம் தளர்கின்றனர்.

தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை

* பறவைக் கூடுகள்: பயன்பாட்டில் உள்ள காட்டுப் பறவையின் கூட்டை வேண்டுமென்றே சேதப்படுத்துவது 1981 ஆம் ஆண்டின் வனவுயிர் மற்றும் நாட்டுப்புறச் சட்டப்படி குற்றமாகும். ஆகவே மார்ச் முதல் ஆகஸ்ட் வரையிலான கூடுகட்டும் பருவத்தைத் தவிர்த்து, இலையுதிர் காலத்திலோ குளிர்காலத்திலோ புதர்களை வெட்டுவது நன்று.
* சுலோவார்ம்: பாம்பு போலத் தோன்றும் இது உண்மையில் காலற்ற பல்லி. நத்தை ஓடிலிகளை உண்ணும் இவ்வுயிரைக் கொல்வதையும் அதே சட்டம் தடை செய்கிறது.
* புதைந்த குப்பை: உடைந்த கண்ணாடி, கம்பி, பழைய கொட்டகைகளின் கல்நார் கூரைத் தகடு ஆகியவை புதருக்குள் மறைந்திருக்கலாம். கல்நார் ஐக்கிய இராச்சியத்தில் 1999 இல் முற்றாகத் தடை செய்யப்பட்டது. பழைய தகடுகளை உடைக்காமல் மன்றத்திற்குத் தெரிவிக்க வேண்டும்.

களைகளை இனங்காணல்

ஓராண்டுக் களைகள் விதையால் பரவுபவை. பூக்கும் முன் கொத்திவிட்டால் போதுமானது. பல்லாண்டுக் களைகளே முதன்மைச் சிக்கல் ஆகும்.

* பிராம்பிள்: முட்புதர். வளைந்த தண்டின் நுனி மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விடும். தண்டை வெட்டிய பின் அடிக்கட்டையையும் தோண்டி எடுக்க வேண்டும்.
* கௌச் புல்: அறுகம்புல்லைப் போல வேர்த்தண்டால் பரவுவது. வேர்த்தண்டுகள் ஆழமில்லாதவை என்பதால் பொறுமையாகத் தோண்டினால் அகற்றலாம்.
* பைண்ட்வீட்: வெள்ளை வேர்களைக் கொண்ட சுற்றுக்கொடி. மண்ணில் விடுபட்ட சிறு வேர்த்துண்டும் புதுக்கொடியாகும்.
* குதிரைவால்: வித்துகளாலும் வேர்த்தண்டாலும் பரவும் தொன்மையான தாவரம் (குதிரைவாலித் தானியம் அன்று). வேர்த்தண்டு 2 மீட்டர் ஆழம் வரை செல்லக்கூடும் என்பதால் தோண்டி ஒழிக்க இயலாது. தொடர்ந்து கிள்ளி வலுவிழக்கச் செய்யலாம்.
* ஜப்பானிய நாட்வீட்: இதைத் தாமே தோண்டலாகாது. உடனே மன்றத்திற்குத் தெரிவிக்க வேண்டும்.

சீரமைக்கும் முறை

முதலில் புதரை அரிவாளாலோ கத்தரியாலோ தரைமட்டத்திற்கு வெட்டி, நிலத்தைப் பல பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். முதலாண்டில் கால் பங்கு அல்லது மூன்றில் ஒரு பங்கு மட்டும் பயிரிட்டு, எஞ்சியதை மூடி வைப்பது நடைமுறைக்கு ஏற்றது.

மூடுவதற்கு ஒளி புகாத கறுப்புப் பாலித்தீன் விரிப்பு பயன்படுகிறது. ஒளியின்றி இலைகள் உணவு தயாரிக்க முடியாததால், வேரில் உள்ள சேமிப்பு மெல்லத் தீர்கிறது. பல்லாண்டுக் களைகளுக்கு இதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். முன்பு பரவலாக இருந்த பழைய கம்பளங்களைப் பல மன்றங்கள் தடை செய்துள்ளன. அவற்றின் செயற்கை இழைகள் பிரிந்து மண்ணில் கலப்பதும், சாயங்களும் வேதிப்பொருட்களும் கசிவதும் இதற்குக் காரணங்களாகும்.

பயிரிடும் பகுதியில் மண்வெட்டிக்குப் பதிலாகப் பற்கள் கொண்ட தோட்டக் கவையைப் பயன்படுத்தினால் வேர்கள் அறுபடாமல் முழுமையாக வெளிவரும். சுழல் கலப்பையைத் தவிர்க்க வேண்டும். அது சில மணி நேரத்தில் நிலத்தைச் சுத்தமாகக் காட்டினாலும், கௌச் புல், பைண்ட்வீட் ஆகியவற்றின் வேர்களை நூற்றுக்கணக்கான துண்டுகளாக்குகிறது. அத்துண்டுகள் ஒவ்வொன்றும் நாற்றாக நட்டதற்கு ஒப்பாகும். எடுத்த வேர்களை நேராக மக்குக் குவியலில் இடாமல், நன்கு உலர்த்தியோ சில வாரங்கள் நீரில் மூழ்கவைத்தோ அழித்த பின் சேர்க்கலாம்.

தோண்டாமல் செய்யும் முறையும் உண்டு. வெட்டிய களையின் மீது அட்டைப்பெட்டிகளை விரித்து, அதன்மேல் 10 முதல் 15 செ.மீ. வரை மக்கு உரம் பரப்பி நடலாம். பைண்ட்வீட் போன்றவை இதையும் துளைத்து வெளிவருமாதலால் தொடர்ந்து பிடுங்க வேண்டும்.

மண்ணைப் பண்படுத்தல்

ஈரமான களிமண்ணை மிதித்தால் அது இறுகிவிடும். இலையுதிர் காலத்தில் புரட்டிப் போட்ட கட்டிகளைக் குளிர்கால உறைபனி உடைத்துத் தரும். அமிலத்தன்மை மிகுந்த மண்ணில் முட்டைக்கோசு இனப் பயிர்களை வேர்வீக்க நோய் தாக்குவதால் அங்குச் சுண்ணாம்பு இடுவர். தொழுவுரத்தையும் சுண்ணாம்பையும் ஒரே நேரத்தில் இட்டால் நைட்ரசன் அம்மோனியாவாக வெளியேறி வீணாகும். நகர மண்ணில் பழைய வண்ணப்பூச்சு, சாம்பல் ஆகியவற்றால் ஈயம் கலந்திருக்கும் ஐயம் இருந்தால் சோதனை செய்வது அவசியம்.

தொழுவுரத்தையும் சோதிப்பது நன்று. 2008 இல் அமினோபைரலிட் என்னும் களைக்கொல்லி தெளித்த புல்லை உண்ட கால்நடைகளின் எருவால் பிரித்தானியத் தோட்டங்கள் பலவற்றில் தக்காளி, உருளைக்கிழங்கு, அவரையினப் பயிர்கள் சுருண்டு கெட்டன. சிறு தொட்டியில் எருவைக் கலந்து அவரையினப் பயிரொன்றின் விதையிட்டு, இலைகள் இயல்பாக வருகின்றனவா எனப் பார்த்தபின் பயன்படுத்தலாம்.

முதலாண்டுப் பயிராக உருளைக்கிழங்கு பரிந்துரைக்கப்படுகிறது. அது நிலத்தைத் தானே சுத்தமாக்குகிறது என்பது சரியன்று. நடவு, மண் அணைப்பு, அறுவடை என நிலம் மும்முறை கிளறப்படுவதும், அடர்ந்த இலைகள் நிழல் தருவதுமே களையைக் குறைக்கின்றன. பூசணியை விரிப்பில் துளையிட்டும் நடலாம். மூடிய பகுதியும் இவ்வாறு பயிரிட்ட நிலமாக மாறும்.

இவற்றையும் பார்க்கவும்

* சமூகத் தோட்டம்
* களை
* மக்கு உரம்
* வேர்த்தண்டு