பழவேற்காட்டுக் காசு மீன்களும் கண்ணாடித் தொட்டியும்

சிக்லிட் குடும்பத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீனினங்கள் உண்டு. பெரும்பாலானவை ஆப்பிரிக்காவுக்கும் அமெரிக்கக் கண்டத்துக்கும் உரியவை. இந்தியாவின் சொந்தச் சிக்லிட்கள் மூன்றே. ஒன்று கர்நாடக ஆறுகளோடு நின்றுவிட்டது. மற்ற இரண்டும், அதாவது கரிமீனும் ஆரஞ்சு குரோமைடும், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கடலோரக் கழிகளில் வாழ்கின்றன. திருவள்ளூர் மாவட்டத்தில் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களைத் தொட்டுக் கிடக்கும் பழவேற்காடு ஏரி அவற்றின் வாழிடங்களில் ஒன்று. பழைய மீன் பட்டியல்களில் இவ்விரண்டின் தமிழ்ப் பெயர்களும் ‘காசு’ என்றே முடிகின்றன. தட்டையான வட்ட உடலுக்குப் பொருந்தும் பெயர் அது.

ஒடிசாவின் சில்க்கா ஏரிக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும். கோடையில் முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்தால் ஏரி நீர் கடலைவிடவும் கரிக்கும். ஆண்டுதோறும் நிகழும் இந்த மாற்றத்தைத் தாங்கிப் பழகியதால், கரிமீனும் ஆரஞ்சு குரோமைடும் நன்னீரிலும் உவர்நீரிலும் பிழைக்கின்றன.

இவற்றை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் பெர்லினில் வாழ்ந்த மருத்துவர் மார்க்கஸ் எலியேசர் பிளாக். கரிமீனை 1790இலும் ஆரஞ்சு குரோமைடை 1795இலும் அவர் விவரித்தார். தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் மிஷன் பாதிரியார் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் தமிழகக் கரையின் மீன்கள் பலவற்றை அவருக்கு அனுப்பிவந்தார். 1875 முதல் 1878 வரை வெளிவந்த பிரான்சிஸ் டேயின் இந்திய மீன்கள் பற்றிய பெருநூலில் மூன்று இனங்களும் இடம்பெற்றன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரிமீனுக்கும் ஆரஞ்சு குரோமைடுக்கும் வழி பிரிந்தது. சதைப்பற்றுள்ள கரிமீனைச் சென்னை மாகாண மீன்வளத் துறை உள்நாட்டுக் குளங்களில் விட்டு வளர்த்தது. விரலளவே வளரும் ஆரஞ்சு குரோமைடு அழகுக்காக ஐரோப்பியத் தொட்டிகளுக்குப் போனது. சென்னை மெரினாவில், அரசு அருங்காட்சியகத்தை நடத்திவந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் 1909இல் மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. கண்ணாடிக்குப் பின்னால் உயிர்மீனை நின்று பார்க்கும் வழக்கம் பொதுமக்களிடம் பரவ அது வழிசெய்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது.

1952இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு ஓர் ஆப்பிரிக்கச் சிக்லிட் வந்தது. உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட அந்தத் திலாப்பியா, தமிழகத்தின் குளம், ஆறு, கழி எங்கும் பரவியது. முட்டைகளை வாயிலேயே வைத்துக் காத்து, மிகக் குறைந்த இடைவெளியில் மறுபடியும் பெருகும் மீன் அது. சொந்த மீன்கள் அதோடு இடத்துக்கும் தீனிக்கும் போட்டியிட வேண்டியதாயிற்று. பொருந்தாத கூட்டாளியைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதைத் தொட்டிக்காரர்கள் அறியும் முன்பே நீர்நிலைகள் அறிந்துவிட்டன.

பொருந்தும் கூட்டாளிகள் யார் என்பதற்கான விடையும் இதே கழிகளில் இருந்தது. ரிச்சர்ட் வைமன், ஜாக் வார்ட் என்ற இரு ஆய்வாளர்கள், ஆரஞ்சு குரோமைடுகள் கரிமீனின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்று சுத்தம் செய்வதை 1972இல் விவரித்தனர். இலங்கையில் அவர்கள் செய்த கள ஆய்வு 1977இல் வெளிவந்தது. இரண்டும் ஒரே நீரில் வாழ்ந்தாலும் தீனி வேறு. கரிமீன் இழைப்பாசியை மேய்கிறது. ஆரஞ்சு குரோமைடு சிறு உயிர்களையும் சேர்த்துத் தின்கிறது. இந்த நட்புக்கும் எல்லை உண்டு. வாய்ப்புக் கிடைத்தால், கரிமீனின் முட்டைகளையும் இளங்குஞ்சுகளையும் ஆரஞ்சு குரோமைடு தின்றுவிடும்.

வண்ணமீன் வளர்ப்பு வடசென்னைக் கொளத்தூரில் தொழிலாக வேரூன்றி, செங்குன்றம் பக்கத்துத் திருவள்ளூர் ஊர்களுக்கும் பரவியபோது, அங்கே பெருகியவை அயல்நாட்டுச் சிக்லிட்களே. அமேசானின் ஏஞ்சலும் டிஸ்கஸும் மென்மையான, சற்றே அமிலத்தன்மை கொண்ட நீரைக் கேட்பவை. மலாவி ஏரியின் மீன்களுக்குக் கடினமான, காரத்தன்மை உள்ள நீர் வேண்டும். இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டால் ஏதாவது ஒன்று நலிந்தே தீரும். நீர் ஒத்துப்போனாலும் குணம் ஒத்துப்போக வேண்டும். ஆஸ்கர் தன் வாயில் அடங்கும் எதையும் விழுங்கிவிடும். 1990களில் மலேசியாவில் கலப்பினமாக உருவாகி, தமிழகத்தில் ‘வாஸ்து மீன்’ என்று விலைபோன பிளவர்ஹார்ன் தனியாக இருக்க வேண்டிய மீன். மலாவி மீன்களில் ஒன்றிரண்டை மட்டும் விட்டால் வலியது எளியதை விரட்டியே கொல்லும். கூட்டமாக விட்டால் அந்தச் சண்டை பலவற்றின்மீது பகிர்ந்துபோகும்.

தொட்டியில் படரும் பாசியின் தொல்லைக்கு வண்ணமீன் தொழில் கண்ட விடையும் வெளிநாட்டிலிருந்தே வந்தது. ‘டேங்க் கிளீனர்’, ‘சக்கர்’ என்று விற்கப்படும் தென்னமெரிக்கக் கெளுத்தி, கண்ணாடியில் ஒட்டிப் பாசியைச் சுரண்டும். ஓராண்டில் தொட்டிக்கு அது பெரிதாகிவிடும். கொல்ல மனம் வராமல் ஏரியிலும் கால்வாயிலும் விடப்பட்டவை இன்று தமிழக நீர்நிலைகள் பலவற்றில் பெருகி, வலையைக் கிழித்து மீனவருக்கு இழப்பு தருகின்றன. பாசியின் காரணத்தை எந்த மீனும் தீர்ப்பதில்லை. மிஞ்சிய தீனியும் கழிவும் அம்மோனியாவாகி, நைட்ரைட்டாகி, நைட்ரேட்டாகத் தேங்கும். அதுதான் பாசிக்கு உரம். சிக்லிட்கள் நிறையத் தின்று நிறையக் கழிப்பவை என்பதால் உரம் விரைவில் சேரும். அளவான தீனி, வாரம் ஒருமுறை கால்பங்கு நீர் மாற்றம், நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மிகாத விளக்கு, சன்னல் வெயில் படாத இடம் ஆகியவையே பாசியைக் கட்டுக்குள் வைக்கும்.

சொந்தச் சிக்லிட்கள் மீது அண்மைக் காலத்தில் கவனம் திரும்பியிருக்கிறது. கேரளம் 2010இல் கரிமீனை மாநில மீனாக அறிவித்தது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் கரிமீன் குஞ்சு உற்பத்தியைக் கையாள்கிறது. பழவேற்காட்டுக்குப் பக்கத்திலேயே, பொன்னேரியில், மீன்வளக் கல்லூரி இயங்குகிறது.

கரிமீனுக்கும் ஆரஞ்சு குரோமைடுக்குமான தொட்டியை அமைப்பவர் ஏரியையே முன்மாதிரியாகக் கொள்ளலாம். சிறிது உப்பு கலந்த நீரும் மணல் தளமும் கற்களும் போதும். கரிமீன் மென்தாவரங்களைத் தின்றுவிடும் என்பதால் செடி நடுவது வீண். ஆரஞ்சு குரோமைடு ஆறேழு சேர்ந்து இருக்கட்டும். கரிமீன் ஒரு சாணுக்கு மேல் வளரும் என்பதால் தொட்டி பெரிதாக இருக்க வேண்டும். முன்கண்ணாடியை மட்டும் சுரண்டிவிட்டு, பின்சுவரிலும் கல்லிலும் படரும் பாசியைக் கரிமீனுக்கு மேய்ச்சலாக விட்டுவிடலாம். கரிமீன் இணை கல்லைச் சுத்தம் செய்யத் தொடங்கினால் முட்டையிடும் காலம் வந்துவிட்டது என்று பொருள். அப்போது ஆரஞ்சு குரோமைடுகளை வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும்.