தொழில் என்னும் சொல்லும் வேலூர்க் கைகளும்

ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு வரும் நம்மவர்களில் எல்லாரும் தில்லிவாசிகள் அல்லர். எய்ம்ஸும் சப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் பக்கத்திலேயே இருப்பதால், வைத்தியத்துக்காக ஊரிலிருந்து வந்தவர்களும் துணைக்கு வந்தவர்களும் புழுங்கலரிசி, கறிவேப்பிலை தேடி இங்கே வந்துவிடுகிறார்கள். கடையில் என் காதில் பலமுறை விழுந்த ஐயம் இது: “ஆக்குபேஷனல் தெரபிக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. இந்த வயசுல இனிமே எந்தத் தொழிலைக் கத்துக்கிறது?” ஐந்து வயதுக் குழந்தைக்கு எழுதிக் கொடுத்துவிட்டாலோ, கேட்கவே வேண்டாம்.

இதற்கு விடை நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. பள்ளியில் தொழிற்பெயர் படித்தோமே! உண்ணல், உடுத்தல், நடத்தல் எல்லாம் தொழிலே. சம்பாத்தியம் மட்டும்தான் தொழில் என்பது பிற்காலத்தில் நம்மைப் போன்ற வியாபாரிகள் குறுக்கிய பொருள். ஒரு மனிதர் தம் நாளை எந்தெந்தச் செயல்களால் நிரப்புகிறாரோ அவற்றை மீட்டுத் தருவதே இச்சிகிச்சை. குழந்தைக்கு விளையாட்டே தொழில்.

அமெரிக்காவில் 1917ஆம் ஆண்டு இதற்கென ஒரு சங்கம் தோன்றியது. அதைக் கூட்டியவர்களுள் ஒருவரான ஜார்ஜ் பார்ட்டன் மருத்துவர் அல்லர். நோயால் முடங்கி மீண்ட கட்டடக் கலைஞர். இந்தியாவின் முதல் பயிற்சிப் பள்ளியை 1950இல் பம்பாயில் தொடங்கியவர் கமலா நிம்ப்கர். இவர் அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து இந்நாட்டவரானவர். 1952இல் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதை நிறுவிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

ஆனால் இத்துறையின் உட்பொருளை எனக்கு விளங்க வைத்தது வேலூர்தான்.

டாக்டர் பால் பிராண்ட் 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். மருத்துவம் படிக்குமுன் லண்டனில் தச்சும் கொத்துவேலையும் பழகியவர். 1946இன் இறுதியில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, நல்ல தசைநாரை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தினார். அறுவை வெற்றி. கைகள் விரிந்தன, பற்றின. ஆனால் குணமானவர்களில் சிலர் திரும்பி வந்து குறைப்பட்டார்கள். மடங்கிய கைக்குப் பிச்சை விழுந்தது, நிமிர்ந்த கைக்கு விழவில்லை! தழும்பைப் பார்த்து வேலை கொடுப்பாரும் இல்லை. டாக்டர் கணக்கில் லாபம், நோயாளி கணக்கில் நஷ்டம்.

அதன் பிறகுதான் நவஜீவ நிலையம் எழுந்தது. குடிசைகளும் ஒரு தச்சுப் பட்டறையும் கொண்ட சிறு குடியிருப்பு. அங்கே மரப் பொம்மைகள் செய்தார்கள். பிராண்ட் தாமும் பட்டறையில் உடனிருந்தார். வலி உணராத கைகளில் புண் எப்படி வருகிறது என்று ஒவ்வொருவருடைய நாளையும் தனித்தனியே கவனித்தார்கள். ஒருவருக்குச் சுத்தியல் பிடியை அழுத்திப் பிடித்ததால் வந்தது. இன்னொருவருக்குச் சூடான பாத்திரத்தால் வந்தது. இரவில் விரல்களை எலி கடித்ததையும் அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். மருந்து என்ன தெரியுமா? வீடு திரும்புகிறவரோடு ஒரு பூனையையும் அனுப்பினார்கள்! எந்த மருத்துவ நூலிலும் இல்லாத இந்தச் சிகிச்சை, அவர் எங்கே எப்படித் தூங்குகிறார் என்று விசாரித்ததால் கிடைத்தது.

அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் வாகன விபத்தில் சிக்கி இரு கால்களும் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறந்தபோது அதை நடத்தியவர், சிகிச்சையை இரு பக்கத்திலிருந்தும் அறிந்தவர்.

கனடா நாட்டார் 1991இல் இதை ஒரு முறையாகவே வகுத்தார்கள். தமக்கு முக்கியமான, ஆனால் இப்போது சரிவரச் செய்ய முடியாத காரியங்களை நோயாளியே சொல்லவேண்டும். அவற்றில் ஐந்து வரை தேர்ந்து, எவ்வளவு செய்ய முடிகிறது, எவ்வளவு திருப்தி என்று ஒன்று முதல் பத்துவரை அவரே மதிப்பெண் போடவேண்டும். பக்கவாதம் வந்த ஓர் அம்மாளுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்கி, சில்லறையை எண்ணிப் பையில் போடுவதுதான் ஆசை என்றால் அதுவே சிகிச்சையின் இலக்கு. ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? “உங்களுக்கு என்ன செய்யணும்மா?” என்று அம்மாவைக் கேட்டால் பதில் சொல்வது மகன்! பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பதிலில் அம்மா இல்லை.

குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் கூடுதல். தில்லியில் 1978இல் மூளை முடக்குவாதமுள்ள குழந்தைகளுக்காகத் தொடங்கிய ஸ்பாஸ்டிக்ஸ் சங்கம் இன்று ‘ஆதி’ என்ற பெயரில் ஹௌஸ்காஸில் இயங்குகிறது. கரண்டிப் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்குவது, கால் தரையில் படும்படி நாற்காலியைத் தாழ்த்துவது எல்லாம் பெரிய செலவில்லாத காரியங்கள். எதைச் செய்யப் பிள்ளை தானாகக் கை நீட்டுகிறது என்பதைக் கவனிக்கத்தான் பொறுமை வேண்டும்.

இத்துறையினரைப் பதிவு செய்து முறைப்படுத்த 2021இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியுள்ளது. சீட்டோடு போகிறவர்கள் பயிற்சி தருபவரின் தகுதியைக் கேட்கத் தயங்க வேண்டாம். போகுமுன், நோயாளி காலை எழுந்தது முதல் படுக்கும்வரை எதெதற்குத் தடுமாறுகிறார் என்பதை அவர் வாயாலேயே கேட்டு ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பேச வராத குழந்தையானால், அதற்குப் பிடித்த பொம்மையையும் கையோடு கொண்டுபோங்கள்.