பசு தந்த தழும்பு

எங்கள் வயதுக்காரர்கள் சட்டைக் கையைச் சுருட்டினால் புஜத்தில் வட்டமாய் இரண்டு தழும்பு தெரியும். அம்மை குத்திய தழும்பு. போன வாரம் பேத்தி அதைத் தொட்டுப் பார்த்து, "இது என்ன தாத்தா?" என்றாள். "ஒரு பசுமாடு கொடுத்தது" என்றேன். நம்பவில்லை. கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

பெரியம்மை ஊர் ஊராக வாரிக்கொண்டு போன காலம். பால் கறக்கிறவர்களுக்குக் கையில் மாட்டம்மைக் கொப்புளம் வரும். வந்தவர்களைப் பெரியம்மை அண்டாது என்பது இங்கிலாந்து கிராமத்துப் பேச்சு. 1774-ல் பெஞ்சமின் ஜெஸ்டி என்ற விவசாயி அதை நம்பி, மாட்டின் மடிக் கொப்புளத்துச் சீழைக் காலுறை பின்னும் ஊசியால் மனைவிக்கும் இரண்டு பையன்களுக்கும் குத்திவிட்டார். ஊரார் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள்.

இருபத்திரண்டு வருஷம் கழித்து, 1796 மே 14 அன்று, டாக்டர் எட்வர்ட் ஜென்னர் அதையே முறையாகச் செய்தார். சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கைக் கொப்புளத்திலிருந்து எடுத்து, எட்டு வயது ஜேம்ஸ் ஃபிப்ஸுக்குக் குத்தினார். ஜூலையில் நிஜப் பெரியம்மைச் சீழையே குத்திப் பார்த்தார்! பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால்? பிற்காலத்தில் ஃபிப்ஸ் வாடகையில்லாமல் குடியிருக்க ஜென்னர் ஒரு வீடு கொடுத்தார். பசுவின் பெயர் பிளாசம். அதன் தோல் லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரியில் மாட்டியிருக்கிறது. லத்தீனில் பசு 'வாக்கா', அதிலிருந்துதான் 'வாக்சின்'.

ஐஸ் பெட்டி இல்லாத அந்நாளில் மருந்து ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் குத்திக் குத்தியே பாக்தாத், பாஸ்ரா வழியாகப் பம்பாய் வந்தது. 1802 ஜூன் 14-ல் இந்தியாவில் முதலில் குத்திக்கொண்டது ஆனா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தை.

எங்கள் ஊரில் அம்மை குத்துகிறவர் வந்தால் நாங்கள் வைக்கோற்போருக்குப் பின்னால் ஒளிவோம். பாட்டிதான் காதைப் பிடித்து இழுத்து வருவாள். இரண்டு குழந்தைகளை அம்மைக்குக் கொடுத்தவள் அவள். 1975-ல் இந்தியாவை விட்டுப் போன பெரியம்மை, உலகத்திலேயே இல்லை என்று 1980-ல் அறிவித்தார்கள். அதைக் கேட்கப் பாட்டி இல்லை.

பசுவோடு முடியவில்லை. நம்மில் பலர் காலையில் விழுங்கும் பிபி மாத்திரைக்கு வழிகாட்டியது பாம்பு! பிரேசிலின் ஜராராகா விரியன் கடித்தால் இரத்த அழுத்தம் சரியும். அந்த விஷத்தை செர்ஜியோ ஃபெரைரா ஆராய்ந்தார். அதிலுள்ள பொருளை முன்மாதிரியாக வைத்து ஆய்வுக்கூடத்தில் செய்த 'காப்டோபிரில்' 1981-ல் விற்பனைக்கு வந்தது. 'பிரில்' என்று முடிகிற மாத்திரைகளெல்லாம் அதன் தம்பி தங்கைகள்.

"இயற்கைதானே, ஒன்றும் செய்யாது" என்று கண்ட கஷாயத்தையும் குடிக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: விரியன் விஷமும் இயற்கைதான். இயற்கை துப்பு மட்டும்தான் கொடுக்கும். சோதித்துப் பார்த்து மருந்தாக்குவது மனிதன் பாடு.

எல்லாம் கேட்டுவிட்டுப் பேத்தி, "எனக்கு ஏன் இந்தத் தழும்பு இல்லை?" என்றாள். உனக்குத் தேவைப்படவில்லையடி, கண்ணே. அதற்குத்தான் பாட்டி என் காதைத் திருகினாள்.