அடியார் அமுதும் அங்காடியும்

மாகேசுர பூசையின் பெருமையைப் பெரியோர் பலர் விரித்துரைத்துள்ளனர். அப்பூசைக்கு வேண்டும் அரிசியும் நெய்யும் காயும் கனியும் எவ்விடத்திருந்து வந்தன, அவற்றைத் தருதற்குக் கடமைப்பட்டோர் யாவர் என்னும் வினா அத்துணை எழுவதில்லை. அடுக்களைப் பொருளை ஆராய்தல் சிறுமையென்று கருதுவாரும் உளர். அன்னோர் திருத்தொண்டர் புராணத்தைச் சற்றே ஊன்றி நோக்குவாராக. இளையான்குடிமாற நாயனார் மழை பொழியும் நள்ளிருளில் வயலுக்குச் சென்று, அன்று விதைத்த முளைநெல்லை வாரிக்கொணர்ந்தார். கறிக்குத் தம் கொல்லைக் கீரையைப் பறித்தார். அவர் அடியார்க்கிட்ட அமுது முழுவதும் அவ்வூர் மண்ணினின்றே வந்தது.

விளைவு பொய்த்தவிடத்து யாது செய்வது? திருவீழிமிழலை வரலாறு இதற்கு விடை கூறும். வற்கடக் காலத்தில் ஆளுடைய பிள்ளையாரும் ஆளுடைய அரசரும் ஆங்குத் தனித்தனி மடம் அமைத்து அடியார்க்கு அமுதளித்தனர். இறைவன் நாள்தோறும் இருவர்க்கும் படிக்காசு அருளினான். அரசர் பெற்ற காசு கடைத்தெருவில் உடனே சென்றது. பிள்ளையார் பெற்ற காசுக்கு வணிகர் வட்டம் கேட்டனர். அதனால் பண்டம் வரத் தாழ்த்தது. பிள்ளையார் மடத்தில் அமுதும் தாழ்த்தது. அரசர் கைத்தொண்டு செய்தவராதலின் அவர் காசு வாசியின்றி வந்ததென்று காரணங் கூறுவர். அது நிற்க. ஈண்டு நாம் நோக்கத்தக்கது வேறொன்று. காசு தந்தவன் இறைவனேயாயினும், அதனை ஏற்றுப் பண்டம் தரவேண்டியவன் அங்காடி வணிகன். காசை நம்பிய அடுக்களை அவன் தராசை எதிர்நோக்கியே நிற்கும். பிள்ளையார் பதிகம் பாடி வாசியில்லாக் காசு பெற்ற பின்னரே இரு மடத்திலும் அமுது ஒரே பொழுதில் ஆயிற்று.

பண்டம் இருந்தும் கொண்டுசெல்ல ஆளின்மையும் ஒரு முட்டுப்பாடே. குண்டையூர்க் கிழார் பொருட்டு இறைவன் அருளிய நெல்மலையைத் திருவாரூர் சேர்ப்பிக்க நம்பியாரூரர் திருக்கோளிலியில் ஆள் வேண்டிப் பதிகம் பாடியதை அன்பர் அறிவர்.

இவ்விடர்களை நம் முன்னோர் எவ்வாறு கடந்தனர் என்பதைக் கல்வெட்டுக்கள் காட்டும். 1010-ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய தஞ்சை இராசராசேச்சுரத்தில் பிள்ளையார் கணபதியார்க்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் அமுது செய்விக்க ஓர் அறம் ஏற்படுத்தப்பட்டது. அதன் பொருட்டு வைத்த முதல் 360 காசு. அதனைப் பண்டாரத்திற் பூட்டி வைத்திலர். நித்தவினோதப் பெருந்தெரு, மும்முடிசோழப் பெருந்தெரு, திரிபுவனமாதேவிப் பேரங்காடி முதலிய நான்கிடத்து வணிகரிடம் பகிர்ந்தளித்தனர். காசொன்றுக்கு ஆண்டுவட்டி அரைக்கால் காசு. ஆகவே 360 காசுக்கு 45 காசு. காசுக்கு 1,200 பழம் என்பது விலை. ஆகவே 54,000 பழம். அதனை 360 நாளுக்குப் பகுத்தால் நாளொன்றுக்கு 150 பழம் துல்லியமாக வரும். இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தவர் அக்காலக் கணக்கரை வியவாதிரார்.

கணக்கின் நுட்பத்தினும் அதன் கருத்தே பெரிது. வணிகர் ஆண்டுதோறும் செலுத்த இசைந்தது பழம். பின்னர் விலை ஏறினும் அவ்வேற்றம் கோயிலைச் சாராது. முதலை வைத்துப் பயன்கொள்ளும் வணிகரையே சாரும். விளக்குநெய்க்கும் இம்முறையே. ஒரு திருவிளக்குக்கு 96 ஆடு; அவற்றைக் கைக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். சாவா மூவாப் பேராடு என்னும் வழக்கு இதிற் பிறந்தது. ஆடு சாகாதென்பது பொருளன்று. செத்ததற்கும் மூத்ததற்கும் ஈடாகக் குட்டி வளர்ந்து நிற்கத் தொகை குறையலாகாது என்பதே. கோயிற்கு வரும் நெல்லை அளக்கும் மரக்காலுக்கும் ஆடவல்லான் என்று கூத்தப்பெருமான் பெயரையே இட்டனர்.

எல்லாம் அண்டை ஊர்களினின்றே வந்தன என்று துணிதல் பிழையாம். இராசராசேச்சுரத்துக்கு ஈழத்து ஊர்களும் இறையிலியாக விடப்பட்டிருந்தன. நெல் நெடுந்தொலை வரும். பழம் அழுகும் ஆதலின் அடுத்த தெருவினின்றே வருதல் வேண்டும். எதனை எங்கே கொள்வது என்னும் தெளிவு அவர்க்கு இருந்தது.

திருச்சிராப்பள்ளியில் அப்பேரங்காடியின் இடத்தில் இன்று நிற்பது காந்தி மார்க்கெட். ஆங்கிலேயர் ஆட்சியிலே தோன்றி, 1927-ஆம் ஆண்டில் விரிவுற்றுக் காந்தியடிகள் பெயர் பூண்டது அது. குருபூசையோ குடமுழுக்கோ, பல்லாயிரவர்க்கு இலைபோட வேண்டின் மக்கள் நாடுவது அதன் மண்டிகளையே. திருக்கோயில் அன்னதானத் திட்டம் 2002-இல் தொடங்கியது. நாள் முழுதும் அமுதளித்தல் திருவரங்கத்தில் 2012-இலும், சமயபுரத்தில் 2021-இலும் ஏற்பட்டது. தேவை சிறிதன்று. அம்மண்டிகளுக்கு வெங்காயம் மராட்டிய நாட்டினின்றும், தக்காளி கன்னட, ஆந்திர நாடுகளினின்றும் லாரியேறி வருகின்றன. மண்ணச்சநல்லூர் அரிசியும், துறையூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயமும், தொட்டியம், அந்தநல்லூர்ப் பகுதி வாழையும் நான்கைந்து காதத்துள் விளைகின்றன. எனினும் அன்னதானத்துக்கு நிதி வைப்பார் இன்ன ஊர் விளைவு என்று குறித்தல் அரிது.

யான் மடத்திற் பயின்ற நாளில் உக்கிராணத்து நெல்மூட்டையை ஊர்ப்பெயராற் சுட்டுவர். எந்த வயலின் சோறு என்பது பரிமாறுவானுக்கும் தெரியும். இன்று வங்கியில் தொகை வைத்தலே கட்டளையென ஆயிற்று. ஒருநாட் பூசைக்கென்று நூறு உரூபாய் வைத்த பழங்கட்டளையின் வட்டி இன்று இலைக்கும் போதாது. கட்டளை வைத்தாருடைய அன்பிற் குறையொன்றுமில்லை. எழுதிய முறையிலேதான் குறை. இத்தனை கலம் நெல், இத்தனை படி பருப்பு, இன்ன ஊரில் இன்னார் அளப்பது என்று எழுதின், விலை எவ்வாறு ஏறினும் அடியார் கலம் வெறிதாகாது. தருவோன் தவறின் கேட்டற்கு ஊரும் ஆளும் உண்டு. உழவர்க்கும் தம் விளைவுக்கு ஒரு நிலைத்த கொள்வோன் கிடைப்பான். 1999 முதல் இயங்கும் உழவர் சந்தைகள் விளைப்போனையும் கொள்வோனையும் நேரே கூட்டுகின்றன. அவற்றின் வாயிலாக ஒரு திருக்கோயில் அடுக்களைக்கு ஆண்டுக் கட்டளை எழுதுவது அரிதன்று.

பொருளாகவே செலுத்தும் வழக்கு இவ்வூரில் முற்றும் அற்றுப்போகவுமில்லை. மகப்பேறு இனிது முடிந்த மகளிர் மலைக்கோட்டைத் தாயுமானவர்க்கு இன்றும் வாழைத்தாரே சாத்துகின்றனர். தாரின் விலை ஆண்டுதோறும் மாறும். நேர்த்திக்கடன் தாராகவே நிற்கிறது. அதனைக் காந்தி மார்க்கெட்டுப் பக்கத்து மண்டியில் வாங்கினும், பெரும்பாலும் அது வெட்டப்பட்டது காவிரிக்கரைத் தோட்டம் ஒன்றிலேயாம்.