வகுப்பறையிலிருந்து நூலகத்திற்கு: சீ. இரா. அரங்கநாதன்



நூலகர் என்றவுடன், நூல்களை அடுக்கிவைத்துக் காவல் காப்பவர் என்றே பலரும் எண்ணுகிறோம். அவ்வெண்ணத்தை மாற்றியவர், 1892ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் இவர், முதலில் ஒரு கணித ஆசிரியர்.

சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் முதுகலை பயின்று, மங்களூர், கோயம்புத்தூர், சென்னை ஆகிய ஊர்களின் அரசுக் கல்லூரிகளில் கற்பித்தார். 1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். மாணவரோடு பழகியவருக்கு நூலகத்தின் தனிமை பிடிக்கவில்லை. கற்பித்தலுக்கே திரும்ப விரும்பினார். இலண்டனில் பயிற்சி பெற்ற பின்னரும் மனம் ஒன்றவில்லையெனில் திரும்பலாம் என்ற உடன்பாட்டோடு அவ்வாண்டே கப்பலேறினார்.

அங்கே நூலகங்கள் பலவற்றைச் சென்று கண்டார். சமுதாயத்தின் எல்லாத் தரப்பினருக்கும் அவை பயன்படுவது அவர் மனத்தை மாற்றியது. பேரங்காடி ஒன்றில், சில துண்டுகளைத் திருகாணியால் இணைத்துப் பல உருவங்கள் செய்யும் மெக்கானோ விளையாட்டுப் பொருளையும் கண்டார். ஒரு நூலின் பொருளையும் அவ்வாறே கூறுகளாகப் பிரித்து இணைக்கலாமே எனச் சிந்தித்தார். 1933இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறைக்கு அதுவே வித்து.

1925இல் நாடு திரும்பியவர், ஏறத்தாழ 20 ஆண்டுகள் அந்நூலகத்திலேயே பணியாற்றினார். வாசகர் தாமே நூலைத் தேடி எடுக்கும் திறந்த அலமாரி முறையைக் கொண்டுவந்தார். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார்:

1. நூல்கள் பயன்படுத்துவதற்கே.
2. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்.
3. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்.
4. வாசகரின் நேரத்தைக் காப்பாற்றுக.
5. நூலகம் வளரும் உயிரி.

பின்னர்க் காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். 1957இல் பத்மசிறீ விருது பெற்றார். 1962இல் பெங்களூரில் ஆவணவியல் ஆய்வு, பயிற்சி மையத்தை நிறுவினார். 1972இல் மறைந்தார்.

இரண்டாம், மூன்றாம் விதிகளில் அவருடைய ஆசிரிய உள்ளத்தையே நான் காண்கிறேன். பிள்ளையின் இயல்பறிந்து பாடம் சொல்வது நம் தொழில். வாசகரின் இயல்பறிந்து நூல் தருவது அவர் தொழில். நான் பணிபுரிந்த ஒரு பள்ளியில், நன்கொடையாக வந்த தமிழ்க் கதை நூல்கள், 'கிழிந்துவிடும்' என்ற அச்சத்தால் ஆண்டு முழுவதும் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. அவை கிழியவில்லை, படிக்கப்படவும் இல்லை. பிள்ளைகளோ ஆண்டிறுதியில் அடுத்த வகுப்பிற்குச் சென்றுவிட்டனர்.

நூல் கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். கடந்துபோன வாசிப்புப் பருவத்தை மீட்க முடியுமா? நம் பள்ளி அலமாரியின் சாவி எங்கே இருக்கிறது என்று நாளை ஒருமுறை பார்ப்போமே!