திரைக்குள் தங்கிய பந்தயத் தடம்

கல்வெட்டும் செப்பேடும் வரலாற்றுச் சான்றுகள். பிள்ளைகளின் விளையாட்டோ வீண்பொழுது என்னும் எண்ணம் நம் வகுப்பறைகளில் வேரூன்றியுள்ளது. தாசேக் கெலுகோரில் மாணவனொருவன் கைப்பேசித் திரையில் பந்தயக் கார் ஓட்டுவதைக் கண்டால் கடிந்துகொள்ளவே நாம் விரைகிறோம். அவன் ஓட்டும் சாலை எந்நாட்டது என்று கேட்பாரில்லை. கேட்டால், விடை ஜப்பான் வழியாகச் செப்பாங்கிற்கு இட்டுச் செல்லும்.

தொடக்கத்தில் இவ்விளையாட்டுகளுக்கு ஊருமில்லை, பேருமில்லை. அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் 1974இல் வெளியிட்ட கிரான் டிராக் 10, வானிலிருந்து நோக்குவதுபோல் ஒரு தடத்தைக் காட்டிற்று. அந்நிறுவனமே 1976இல் கொணர்ந்த நைட் டிரைவரில் சாலைகூட இல்லை. இருமருங்கும் நகரும் வெண்கம்பங்களைக் கொண்டு சாலையை ஊகித்துக்கொள்ள வேண்டும். கருவியின் வறுமையை இரவென்று பெயரிட்டு மறைத்த திறம் பாராட்டத்தக்கதே.

1982இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 'போல் பொசிஷன்' விளையாட்டை வெளியிட்டபோது நிலை மாறிற்று. பந்தயத் தொடக்கத்தில் யாவர்க்கும் முன்னே நிற்கும் இடத்தின் பெயர் அது. வீட்டுக் கணினிகள் பெரும்பாலும் 8 பிட் அளவில் நின்ற அக்காலத்தில், 16 பிட் செயலிகள் இரண்டு இதனுள் இயங்கின. தொலைவில் புள்ளியாய்த் தோன்றும் கார்கள் நெருங்க நெருங்கப் பருத்தன. குறித்த நேரத்துள் ஒரு சுற்றைத் தனியே முடித்தவர்க்கே போட்டியில் இடம் கிடைத்தது. அனைத்திற்கும் மேலாக, ஓடியது கற்பனைத் தடத்தில் அன்று; மலை பின்னணியில் தெரிய, ஃபூஜி ஸ்பீட்வே திரையில் விரிந்தது. இதன் அமெரிக்க உரிமையைப் பெறும் வாய்ப்பு முதலில் பாலி மிட்வே நிறுவனத்திற்கே கிட்டியதென்றும், அது 'மாப்பி' என்னும் எளிய விளையாட்டைத் தேர்ந்துகொண்டதென்றும் கூறுவர். விட்டதை அட்டாரி பற்றிக்கொண்டது. 1983இல் அமெரிக்க விளையாட்டுக்கூடங்களில் மிகுந்த வருவாய் ஈட்டியது இதுவே.

இங்கு ஒரு செய்தி கருதத்தக்கது. அதுவரை ஃபூஜியில் ஃபார்முலா 1 பந்தயம் 1976, 1977 ஆகிய ஈராண்டுகளே நடந்திருந்தது. இரண்டாம் ஆண்டில் ஜில் வில்நவின் கார் தடத்தைவிட்டுப் பாய்ந்ததில் இருவர் மாண்டனர். பின்னர் 2007 வரை அப்பந்தயம் அங்குத் திரும்பவில்லை. ஆகவே காசு போட்டுப் பிள்ளைகள் ஓடிய தடம், ஃபார்முலா 1 துறந்து சென்ற தடமாகும். ஹெர்மன் டில்கே என்னும் ஜெர்மானியரின் வடிவமைப்பில் அது 2005இல் புதுப்பிக்கப்பட்டது. பழைய ஃபூஜியில் ஓடிப் பார்க்க இன்று விளையாட்டுகளன்றி வேறு வழியில்லை.

அதே டில்கே வடித்ததுதான் நம் செப்பாங் தடம்: நீளம் 5.543 கிலோமீட்டர், வளைவுகள் 15. அங்கு 1999 முதல் 2017 வரை 19 முறை மலேசியக் கிராண்ட் பிரி நடந்தது. செலவு மிகுந்து பார்வையாளர் குறையவே, ஃபார்முலா 1 இங்கிருந்தும் விடைபெற்றது. மோட்டார்சைக்கிள் பந்தயம் தொடர்ந்தது. இங்கிலாந்தின் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'எஃப்1 2010' விளையாட்டின் 19 தடங்களுள் செப்பாங்கும் ஒன்று. இன்றைய தொடக்கப்பள்ளி மாணவன் அப்பந்தயத்தை நேரில் கண்டிருப்பது அரிது. இத்தகைய விளையாட்டுகளிலேயே அதில் ஓடிப் பார்க்கலாம்.

தடத்தின் ஒவ்வொரு வளைவையும் அவ்விளையாட்டுகள் பதிந்து வைத்துள்ளன. ஆயின் விமான நிலையமும் பந்தயத் தடமும் வருமுன் அவ்வட்டாரம் செம்பனைத் தோட்டப்புறமாய் இருந்தது. அத்தோட்டங்களில் நம்மவர் வாழ்ந்த லயங்களும் கோயில்களும் எத்திரையிலும் இல்லை. அவற்றை நினைவிலிருந்து வரைந்துகாட்டவல்ல முதியவர்கள் இன்னும் நம்மிடையே உளர்.